ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் கோதுமை பீரைச் சுவைத்துப் பயணம் செய்வது எப்படி

மியூனிக் நகரின் மதுவிடுதி ஒன்றில் அமர்ந்து வெறுமனே "ஒரு பீர்" என்று கேட்டால், பெரும்பாலும் ஹெல்லெஸ் என்னும் பொன்னிறப் பார்லி பீர்தான் மேசைக்கு வரும். அது நல்ல பீர்தான். ஆனால் நீங்கள் தேடி வந்தது அதுவன்று. கோதுமை பீருக்குப் பவேரியாவில் வைஸ்பியர் என்று பெயர். பவேரியாவுக்கு வெளியே ஜெர்மனியின் பிற பகுதிகளில் வைட்சன் அல்லது ஹேஃபெவைட்சன் என்று கேட்பது வழக்கம். ஆஸ்திரியாவில் இரண்டு சொற்களும் புரியும். "வைஸ்" என்றால் வெள்ளை. பழைய பழுப்பு நிறப் பீர்களோடு ஒப்பிட வெளிர்நிறமாக இருந்ததால் வந்த பெயர் அது. "வைட்சன்" என்றால் கோதுமை. "ஹேஃபெ" என்றால் ஈஸ்ட். பெர்லினில் "வைசெ" என்று கேட்டால் முற்றிலும் வேறொரு புளிப்புப் பானம் வரும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்தப் பயணத்தில் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியது ஒன்றே. பெயர் கோதுமை பீர் என்றாலும், நாக்கும் மூக்கும் உணர்வதில் பெரும்பங்கு ஈஸ்டின் கைவரிசை. கோதுமை பீர் என்று பெயரிட்டு விற்க, பயன்படுத்தும் மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தில், குறைந்தது பாதியாவது கோதுமையாக இருக்க வேண்டும் என்பது ஜெர்மன் விதி. மீதி பார்லி மால்ட். கோதுமை தருவது உடலையும், மென்மையையும், புரதத்தால் வரும் கலங்கலையும், எளிதில் கலையாத நுரையையும்தான். வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் ஈஸ்ட் செய்து தருபவை. பழத்தையோ கிராம்பையோ யாரும் அண்டாவில் போடுவதில்லை. வாழைப்பழ மணத்துக்குக் காரணமான சேர்மம் ஐசோஅமைல் அசிட்டேட். கிராம்பு மணத்துக்குக் காரணம் 4-வினைல் குயாக்கால். அரைத்த மால்ட்டை நீரில் ஊறவைக்கும்போது ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸில் சற்று நேரம் நிறுத்தி வைத்தால் ஃபெருலிக் அமிலம் கூடுதலாக வெளிப்படும்; ஈஸ்ட் அதையே பின்னர் கிராம்பு மணமாக மாற்றுகிறது. நொதிக்கும்போது வெப்பநிலை உயர்ந்தாலோ, ஆழமற்ற திறந்த தொட்டியில் நொதிக்கவிட்டாலோ வாழைப்பழ மணம் மேலோங்கும். ஆகவே எந்த ஊரில் எந்தக் கோப்பை வந்தாலும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: இங்கே முந்தி நிற்பது வாழைப்பழமா, கிராம்பா? இந்த ஒரு கேள்வியை விடாமல் கேட்டு வந்தால், பத்தாவது கோப்பைக்குள் ஆலைக்கு ஆலை உள்ள வேறுபாடு தானாகவே பிடிபட்டுவிடும்.

ஊற்றும் முறை

ஹெல்லெஸைக் குழாயில் பிடித்துத் தருவார்கள். கோதுமை பீர் பல இடங்களில் அரை லிட்டர் புட்டியாகவே வரும். அதைக் குறையாகக் கருத வேண்டாம். மரபான முறையில் செய்யும் ஆலைகள் புட்டியில் அடைக்கும்போது இன்னும் நொதிக்காத மால்ட் சாற்றைச் சிறிதளவு சேர்க்கின்றன; அதை உண்டு ஈஸ்ட் புட்டிக்குள் இரண்டாம் முறை நொதிக்கிறது. பார்லி பீர்களைவிடக் கூடுதலான கரியமில வாயு அப்படித்தான் வருகிறது. அந்த வாயுவைத் தாங்கவே கோப்பையும் உயரமாக, அடியில் குறுகி மேலே அகன்று, கனத்த அடிப்பாகத்தோடு இருக்கிறது.

நல்ல மதுவிடுதியில் பரிமாறுபவரே ஊற்றித் தருவார்; அவர் கையைக் கவனியுங்கள். கோப்பையை முதலில் குளிர்ந்த நீரில் அலசி ஈரமாகவே எடுப்பார். உலர்ந்த கண்ணாடியில் நுரை கட்டுக்கடங்காமல் எழும் என்பதே காரணம். பிறகு கோப்பையைக் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் சாய்த்து, புட்டியின் வாயை உள்சுவரில் ஒட்டினாற்போல் வைத்து, பீர் சத்தமில்லாமல் வழுக்கி இறங்குமாறு ஊற்றுவார். பீர் ஏற ஏறக் கோப்பையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துவார். புட்டியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பீர் மிஞ்சும்போது நிறுத்தி, புட்டியை வட்டமாகச் சுழற்றி, அடியில் படிந்த ஈஸ்டைக் கலக்கிக் கடைசியில் கோப்பையின் நடுவே விடுவார். வெண்ணுரைக்கு நடுவில் மங்கலான ஒரு புகை இறங்குவதுபோல ஈஸ்ட் கீழே பரவுவதைப் பார்க்கலாம்.

இதை நானே ஊற்றிப் பார்க்கிறேன் என்று முதல் நாளே துணிந்ததன் விளைவைச் சொல்லத்தான் வேண்டும். கோப்பையை நிமிர்த்தி வைத்துப் புட்டியைக் கவிழ்த்தேன். பாதிக் கோப்பைக்குப் பீரும் மேசை முழுவதற்கும் நுரையுமாக ஆயிற்று. எதிரே அமர்ந்திருந்த பெரியவரின் செய்தித்தாள் நனைந்தது. அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் தம்முடைய புட்டியைத் திறந்து, என் கண்ணெதிரே, வேண்டுமென்றே மெதுவாக ஊற்றிக் காட்டினார். பேச்சைவிட அது நன்றாக மனத்தில் பதிந்தது.

சுவைத்துப் பழகவே வந்தவர்களுக்கு வழக்கத்திலிருந்து சற்று விலகிய ஒரு முறையைச் சொல்வேன். முக்கால் கோப்பை ஊற்றியதும் நிறுத்திவிடுங்கள். ஈஸ்டை இன்னும் கலக்க வேண்டாம். அந்தத் தெளிந்த பகுதியை முகர்ந்து இரண்டு மடக்கு அருந்துங்கள். அதன் பிறகு புட்டியைச் சுழற்றி மீதியை ஊற்றி மீண்டும் அருந்துங்கள். முதல் மடக்கில் பழமும் கூர்மையும் தெரியும். ஈஸ்ட் சேர்ந்த பின் ரொட்டி மாவின் வாசமும், வாயை நிறைக்கும் கனமும், சில சமயம் மெல்லிய கசப்பும் வரும். ஈஸ்ட் என்ன செய்கிறது என்பதை ஒரே புட்டியில் காட்டும் பாடம் இதைவிட எளிதாகக் கிடைக்காது.

வெப்பநிலையைப் பொறுத்தவரை, ஏழெட்டு டிகிரி செல்சியஸ் பொருத்தமானது. பல்லைக் கூசவைக்கும் குளிரில் மணம் அடங்கிவிடும். அப்படி வந்தால் பத்து நிமிடம் பொறுத்திருங்கள். கோப்பையின் பிற்பாதியில் கிராம்பு எழுந்து வருவதை உணரலாம். கோப்பை விளிம்பில் எலுமிச்சைத் துண்டு செருகி வந்தால் எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். வடிகட்டிய வகைக்கு அதைப் போடும் பழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. ஆனால் எலுமிச்சை எண்ணெய் நுரையைக் கெடுக்கும், முகர வந்த மணத்தையும் மறைக்கும்.

வகைகளும் வரிசையும்

ஹேஃபெவைட்சன் என்பது வடிகட்டாத, கலங்கிய, பொன்னிறமான அடிப்படை வகை. பெரும்பாலும் 5 முதல் 5.5 சதவீத ஆல்கஹால் கொண்டது. அதையே வடிகட்டினால் கிறிஸ்டால்; கண்ணாடிபோல் பளபளக்கும், ஆனால் ஈஸ்டின் உடல் போய்விடும். கருநிற மால்ட் சேர்த்தது டுங்கல். வாழைப்பழத்தோடு சர்க்கரைப் பாகும் ரொட்டி மேலோடும் சேர்ந்த சுவை. லைஷ்டெஸ் என்பது மூன்று சதவீதத்தை ஒட்டிய இலகுவான வகை. வைட்சன்பாக் கனமானது, கெல்ஹைம் ஊரின் ஷ்னைடர் ஆலை 1907 முதல் செய்துவரும் அவென்டினுஸ் 8.2 சதவீதம், வையன்ஸ்டெஃபானின் விட்டுஸ் 7.7 சதவீதம். ஆல்கஹால் நீக்கிய கோதுமை பீரும் எங்கும் கிடைக்கும்; உடற்பயிற்சிக்குப் பிறகு அதை அருந்துவது அங்கே சாதாரணம். ஆனால் "ஆல்கஹால் அற்றது" என்ற பெயரில் 0.5 சதவீதம் வரை இருக்கலாம் என்பதை, முற்றிலும் தவிர்ப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

வரிசை என்று பார்த்தால் இலகுவிலிருந்து கனத்துக்கும், வெளிரிலிருந்து கருமைக்கும் போவதே முறை. பாக் வகையை அருந்திய நாக்குக்குப் பிறகு சாதாரண ஹேஃபெவைட்சன் தண்ணீராகத் தோன்றும். எண்ணிக்கையிலும் கட்டுப்பாடு வேண்டும். 5.4 சதவீதப் பீர் அரை லிட்டரில் ஏறத்தாழ 21 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. இனிப்பும் மென்மையும் அதை மறைத்துவிடும். ஒரு நாளில் இரண்டு, மிஞ்சினால் மூன்று என்பதற்கு மேல் போனால் அது சுவைத்தல் ஆகாது. மூன்றாவது கோப்பைக்குப் பிறகு நான் எழுதிய குறிப்புகள் எனக்கே விளங்கவில்லை. இருவராகப் பயணம் செய்தால் ஒரு புட்டியை இரண்டு கோப்பைகளில் பகிர்ந்துகொள்ளலாம். கூடுதலாக ஒரு வெற்றுக் கோப்பை கேட்டால் தருவார்கள்.

கோப்பைக்கு நான்கைந்து வரிக் குறிப்பு போதும். நிறம், நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது, வாழைப்பழமா கிராம்பா, வேறு என்ன மணம், விழுங்கிய பின் வாயில் என்ன மிஞ்சுகிறது என்று எழுதுங்கள். ஜாதிக்காய், வனிலா, ஆரஞ்சுத் தோல், பச்சை மாவு என எது தோன்றினாலும் உங்கள் சொல்லிலேயே எழுதுங்கள். குறைகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் பீர் பழையது என்று பொருள். நெயில் பாலிஷ் போன்ற நெடி வந்தால் பழ மணச் சேர்மங்கள் அளவு மீறிவிட்டன என்று கொள்ளலாம். பாக் வகைகளைத் தவிர, கோதுமை பீர் வயதானால் சிறக்கும் பொருளன்று; புட்டியில் அச்சிட்ட காலாவதித் தேதி எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஆலை இருக்கும் ஊருக்கே போய் அருந்துவதற்கு நியாயமான காரணமும் இதுதான்.

மியூனிக்கும் அதைச் சுற்றியும்

1516-ஆம் ஆண்டு இங்கொல்ஸ்டாட்டில் வெளியான பவேரியத் தூய்மை ஆணை, பீரில் பார்லியும் ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவும் நீரும் மட்டுமே இருக்கலாம் என்றது. அப்படியானால் கோதுமை எங்கிருந்து வந்தது? சலுகையாக வந்தது. டேகன்பெர்க் என்ற பிரபுக் குடும்பம் கோதுமை பீர் காய்ச்சும் தனியுரிமையை வைத்திருந்தது. 1602-இல் அக்குடும்பத்தின் ஆண் வாரிசு அற்றுப்போனபோது உரிமை கோமகன் முதலாம் மாக்சிமிலியானிடம் திரும்பியது. அவர் அதைப் பொன்முட்டையிடும் வாத்தாக ஆக்கிக்கொண்டார். கோதுமை பீர் ஆட்சியாளரின் ஏகபோகமாகி அரசின் கருவூலத்தை நிரப்பியது. பின்னாளில் மக்களின் நாட்டம் வேறு பீர்களுக்கு மாறி இந்த வகை நலிந்தபோது, ஜியார்க் ஷ்னைடர் என்பவர் 1872-இல் கோதுமை பீர் காய்ச்சும் உரிமையைப் பெற்று மியூனிக்கின் டால் தெருவில் ஆலையைத் தொடங்கினார்.

அந்த இடத்தில் இன்று அதே குடும்பத்தின் மதுவிடுதி இருக்கிறது. மரியன்பிளாட்ஸ் சதுக்கத்திலிருந்து நடந்து போகும் தொலைவுதான். ஆலை போரில் 1944-இல் அழிந்ததால், பீர் காய்ச்சுவது முழுவதும் கெல்ஹைமுக்கு மாறிவிட்டது. இங்கே காலையில் போவதைப் பரிந்துரைப்பேன். வைஸ்வூர்ஸ்ட் என்னும் வெண்ணிறத் தொத்திறைச்சி, இனிப்புக் கடுகு, உப்புத் தூவிய பிரெட்சல், அதோடு ஒரு கோதுமை பீர் என்பது பவேரியக் காலையுணவின் இலக்கணம். அந்தத் தொத்திறைச்சி நண்பகல் மணியோசையைக் கேட்கக் கூடாது என்பது பழமொழி. குளிர்பதனம் இல்லாத காலத்தில் பிற்பகலுக்குள் கெட்டுவிடும் என்பதால் வந்தது. அதில் கன்றிறைச்சியும் பன்றிக் கொழுப்பும் இருக்கும். வேண்டாதவர்கள் பிரெட்சலோடு ஓபாட்ஸ்டா என்னும், பாப்ரிகாத் தூள் (காரம் குறைந்த மிளகாய்த்தூள்) கலந்த பாலாடைக்கட்டிப் பிசைவைக் கேட்கலாம். கோதுமை பீரின் வாயு அந்தக் கொழுப்பை நாக்கிலிருந்து துடைத்துவிடுவதால், மறு மடக்கு மீண்டும் புதிதாகவே இருக்கும். ஷ்னைடரின் அடிப்படை வகை நீங்கள் எதிர்பார்க்கும் பொன்னிறத்தில் இராமல் செம்பழுப்பாக இருக்கும். கிராம்பை அறிந்துகொள்ள முதல் கோப்பையாக அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

அடுத்து ஃப்ரைசிங். மியூனிக்கிலிருந்து எஸ்1 புறநகர் இரயிலில் போகலாம். ஆனால் நொய்ஃபான் நிலையத்தில் அந்த இரயில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி விமான நிலையத்துக்கும் மறு பாதி ஃப்ரைசிங்கிற்கும் போகும். பெட்டியில் காட்டும் ஊர்ப்பெயரைப் பார்த்து ஏறவில்லையென்றால் விமான நிலையத்தில்தான் போய் நிற்பீர்கள். வையன்ஸ்டெஃபான் குன்றின் மேலுள்ள ஆலையின் புட்டிகளில் 1040 என்ற ஆண்டைப் பொறித்திருப்பார்கள். துறவிகள் மடமாக இருந்த இடம் 1803-இல் அரசின் வசமாகி, இன்றும் பவேரிய மாநில அரசுக்கே சொந்தம். பக்கத்திலேயே மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பீர்த் தொழில்நுட்பத் துறை இயங்குகிறது. உலகெங்கும் கோதுமை பீர் காய்ச்சுவோர் நாடும் 68-ஆம் எண் ஈஸ்ட் இங்கிருந்து பரவியதே. அதனால் இங்கே அருந்தும் ஹேஃபெவைட்சனை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: வாழைப்பழமும் கிராம்பும் தராசின் இரு தட்டுகளைப்போலச் சமனாக நிற்கும். மற்ற ஊர்களின் பீரை இதற்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று குறித்துக்கொண்டே போனால் வேலை எளிதாகும்.

எஸ்2 இரயிலின் கடைசி நிலையமான எர்டிங்கில் காய்ச்சும் எர்டிங்கர் உலகின் பல நாடுகளுக்குப் போகிறது. என் நாக்குக்கு அது மிகவும் அடக்கமானது. ஈஸ்ட் குரல் தாழ்த்திப் பேசும். வையன்ஸ்டெஃபானை அருந்திய மறுநாள் இதை அருந்தினால் அந்த வேறுபாடு துல்லியமாகப் புலப்படும் என்பதற்காகவே போய்வரலாம்.

கெல்ஹைமுக்குப் போவது கொஞ்சம் சுற்று வழி. டான்யூப் கரையில் சால் என்னும் ஊர் வரை இரயிலிலும், அங்கிருந்து பேருந்திலும் போக வேண்டும். மாக்சிமிலியான் காலத்தில் 1607-இல் நிறுவிய கோதுமை பீர் ஆலையை ஷ்னைடர் குடும்பம் 1928-இல் வாங்கியது. இன்றும் அங்கேதான் காய்ச்சுகிறார்கள். அவென்டினுஸை அங்கே அருந்துவதாக இருந்தால் மாலைவரை காத்திருங்கள். பகலில் டான்யூப் மலையிடுக்கின் வழியே வெல்டன்பர்க் மடத்துக்குப் படகில் போய்வந்த பிறகு, சாப்பாட்டின் கடைசியில் அதை வைத்துக்கொள்வது நல்லது. உலர்திராட்சை, பிளம், கிராம்பு, சாக்லேட் என்று ஒன்றன்பின் ஒன்றாக விரியும். அவசரப்பட்டால் எதுவும் தெரியாது.

எல்லை தாண்டிச் சால்ஸ்பர்க்

பவேரியா-டிக்கெட் என்னும் ஒருநாள் பயணச்சீட்டு, வட்டார இரயில்களில் சால்ஸ்பர்க் முதன்மை நிலையம் வரை செல்லும். வாரநாள்களில் காலை 9 மணிக்குப் பிறகே அது செல்லுபடியாகும் என்பதையும், விரைவு இரயில்களில் ஏறக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். சால்ஸ்பர்க் 1810 முதல் 1816 வரை பவேரியாவின் ஆட்சியில் இருந்த ஊர். பீர் மரபிலும் அந்த உறவு தெரிகிறது. ஆஸ்திரியா பெரும்பாலும் மேர்ட்சன் என்னும் பார்லி பீர் அருந்தும் நாடு. ஆகவே அங்கே கோதுமை பீரைத் தேடித்தான் போக வேண்டும். தேடலைத் தொடங்கச் சால்ஸ்பர்க் ஏற்ற இடம்.

நகரின் ஷால்மோஸ் பகுதியில் 1901-இல் தோன்றிய தி வைசெ என்னும் கோதுமை பீர் ஆலை, தன் மதுவிடுதியோடு சேர்ந்தே இயங்குகிறது. வடிகட்டாத பீர், ஈஸ்ட் அடர்ந்தது. வையன்ஸ்டெஃபானில் எழுதிய குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு இதை அருந்துங்கள். ஸ்டீகல் ஆலையின் வைசெயும், ஹல்லைன் ஊரின் கால்டன்ஹவுசன் ஆலையில் பிறந்த எடல்வைஸும் ஆஸ்திரியாவின் பல ஊர்களில் கிடைக்கும். ம்யூல்ன் பகுதியில் துறவிகள் 1621-இல் தொடங்கிய அகஸ்டினர் மதுச்சாலைக்கும் எல்லோரும் உங்களை அனுப்புவார்கள். கல் குவளையை நீங்களே எடுத்து, நீரூற்றில் கழுவி, பீப்பாயிலிருந்து வாங்கிக்கொள்ளும் அந்த இடம் அருமையானது. ஆனால் அங்கே பெயர்பெற்றது மேர்ட்சன். சுவைப்பயணத்துக்கு ஓய்வு நாள் என்று நினைத்துப் போங்கள்.

ஆஸ்திரியாவில் அளவுப் பெயர்கள் மாறும். அரை லிட்டர் க்ரூகர்ல், 0.3 லிட்டர் சைடல். கோதுமை பீரைச் சைடலில் தரும் இடம் கிடைத்தால் விடாதீர்கள். ஒரே மாலையில் இரண்டு மூன்றை ஒப்பிட அந்தச் சிறிய அளவே வசதி.

வடக்கின் புளிப்புகள்

பவேரியாவை மட்டும் அறிந்தவர்கள் பெர்லினர் வைசெயை முதன்முதலாக அருந்தும்போது கெட்டுப்போய்விட்டது என்றே நினைப்பார்கள். அதுவும் கோதுமை பீர்தான். ஆனால் ஈஸ்டோடு லாக்டிக் அமில பாக்டீரியாவும் வேலை செய்வதால் தயிர்நீரைப் போன்ற தெளிவான புளிப்பு வரும். ஆல்கஹால் மூன்று சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ராஸ்பெர்ரிப் பாகு சேர்த்துச் சிவப்பாகவோ, வால்ட்மைஸ்டர் என்னும் மூலிகைப் பாகு சேர்த்துப் பச்சையாகவோ தருவது வழக்கம். வேண்டாமென்று சொல்லாவிட்டால் பாகோடுதான் வரும். ஒரு முறையேனும் பாகு இல்லாமல் அருந்திப் பாருங்கள்.

லைப்சிக்கின் கோஸெ இன்னும் விசித்திரமானது. கோதுமையும் புளிப்பும் போதாதென்று உப்பும் கொத்தமல்லி விதையும் சேரும். ஹார்ட்ஸ் மலையடிவாரக் கோஸ்லார் ஊரிலிருந்து வந்த இந்தப் பீரை லைப்சிக்கில் 1966-இல் காய்ச்சுவதை நிறுத்திவிட்டார்கள்; "ஓனெ பெடெங்கன்" என்னும் மதுவிடுதியின் முயற்சியால் 1986-இல் மீண்டும் கிடைத்தது. பழைய இரயில் நிலையக் கட்டடமான பேயரிஷர் பான்ஹோஃபில் 2000-ஆம் ஆண்டு முதல் காய்ச்சி அங்கேயே பரிமாறுகிறார்கள். புளிப்பு வகைகளை மற்றவற்றோடு ஒரே நாளில் கலக்காதீர்கள். அமிலம் பட்ட நாக்குக்கு வாழைப்பழமும் கிராம்பும் எட்டாது.

மேசை வழக்கங்கள்

கோப்பைகளை மோதும்போது விளிம்பால் அல்லாமல் கனத்த அடிப்பாகத்தால் மோத வேண்டும். மேல்பகுதி மெல்லியது, உடையும். மோதும் கணத்தில் எதிராளியின் கண்ணைப் பார்ப்பது மரியாதை. ஷ்டம்டிஷ் என்று பலகை வைத்த மேசை அன்றாட வாடிக்கையாளர்களுக்கானது. இடம் காலியாக இருந்தாலும் அமரக் கூடாது. பவேரியாவின் பீர் தோட்டங்களில் விரிப்பில்லாத மேசைகளில் அமர்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த உணவை உண்ணலாம். 1812-இல் மன்னர் முதலாம் மாக்சிமிலியான் ஜோசப் பிறப்பித்த ஆணையோடு தொடர்புடைய வழக்கம் அது. பீரை மட்டும் அங்கேதான் வாங்க வேண்டும். கோப்பைக்கு முன்பணம் கேட்டால் திகைக்க வேண்டாம். திருப்பிக் கொடுக்கும்போது கிடைத்துவிடும். பரிமாறுபவர் உங்கள் கோப்பைக்கு அடியில் வைத்த அட்டையில் கோடு போட்டு எண்ணிக்கை வைத்துக்கொண்டால், அந்த அட்டைதான் கணக்குச்சீட்டு. நினைவுப்பொருள் என்று பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அன்பளிப்பை மேசையில் விட்டுவருவதில்லை, 18.20 யூரோ என்று சொன்னால் "20" என்று சொல்லிப் பணத்தை நீட்டினால் போதும். வங்கி அட்டையில் பணம் வாங்காத சிறு இடங்கள் இன்னும் இருப்பதால் கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும்.

இரு நாடுகளிலும் வாகனம் ஓட்டுவோருக்கான பொது வரம்பு இரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.5 பங்கு ஆல்கஹால். ஜெர்மனியில் 21 வயதுக்கு உட்பட்டோருக்கும் புதிதாக உரிமம் பெற்றோருக்கும் அதுவும் கிடையாது. மேலே சொன்ன எல்லா ஊர்களுக்கும் இரயிலோ பேருந்தோ இருக்கும்போது வாடகைக் கார் எடுக்க வேண்டிய தேவையே இல்லை.

ஊருக்குக் கொண்டுபோக வாங்கும் புட்டிகளைப் பயணத்தின் கடைசி நாளில், ஆலையின் கடையிலேயே, தேதி பார்த்து வாங்குங்கள். ஒவ்வொன்றையும் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவில் வையுங்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகப் பெரும்பாலும் விடமாட்டார்கள். வீடு சேர்ந்ததும் உடனே திறக்க வேண்டாம். குலுங்கி வந்த ஈஸ்ட் அடியில் படியக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் நிமிர்த்தி வைத்து, பிறகு எடுத்துப் பத்து நிமிடம் வெளியே இருக்கவிட்டு, கோப்பையை நனைத்துச் சாய்த்து ஊற்றுங்கள்.